நீலம் ஏற்றிய கதிர்

அந்த ஊசியை வாங்கியது நான்தான். பெரம்பலூர் கடைத்தெருவில் கால்நடை மருந்து விற்கும் கடைக்குப் போய், மாட்டுக்குப் போடுவார்களே, அந்தப் பெரிய ஊசி ஒன்று வேண்டும் என்று கேட்டேன். "மாட்டுக்கு என்னம்மா?" என்றார் கடைக்காரர். "மாட்டுக்கு ஒண்ணும் இல்லைங்க. ஒரு வீடியோவுக்கு" என்றேன். வீடியோ என்றதும் அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இரண்டு கடை தள்ளி, வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் ஒரு புட்டி வாங்கினேன். இரண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு ரஞ்சன்குடிப் பக்கம் வண்டியை விட்டேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில், சொல்ல வேண்டிய ஆட்கள் முன்னால் நான் சொல்லவில்லை. அதனால் இப்போது முந்திக்கொள்கிறேன்.

அப்போது பெரம்பலூரில் ஒரு சின்ன யூடியூப் செய்திச் சேனலில் வேலை பார்த்தேன். செல்போன் கடைக்கு மாடியில் ஒரே அறை. ஓனரை அண்ணன் என்று கூப்பிடுவோம். அவரையும் என்னையும் விட்டால், எடிட்டிங் பார்க்கிற பெண் ஒருத்தி. நிருபர், கேமரா, பின்னணிக் குரல் மூன்றும் நான்தான். அரியலூரிலிருந்து தினமும் சிமெண்ட் லாரிகளின் புழுதியைத் தின்றுகொண்டு பஸ்ஸில் வருவேன். ஆபீஸ் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவேன். தண்ணீர் வராத தெரு, குழாய் உடைந்த தெரு, திருமழபாடியில் நந்தி கல்யாணக் கூட்டம், புளியமரத்தில் மோதிய லாரி என்று எதைக் கொடுத்தாலும் மூன்று நிமிடத்தில் அடக்கிவிடுவேன். என்மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. துணிச்சல்காரி என்று வேறு நாலு பேர் சொல்லிவிட்டார்கள். அதை நான் நம்பியும் விட்டேன்.

நெடுஞ்சாலையில் ரஞ்சன்குடிப் பக்கம் ஒரு திருப்பத்தில் ஓர் அக்கா மக்காச்சோளக் கதிர் அவித்து விற்பார். எந்தத் திருப்பம் என்று எழுதமாட்டேன். அதற்குக் காரணம் கடைசியில் வரும். அலுமினியக் குண்டான், மேலே ஈரச்சாக்கு, பக்கத்தில் ஒரு முக்காலி. பால் பிடித்த கதிரைத் தோகையோடு அவிப்பார். தோகையை உரித்து, பாதி எலுமிச்சம்பழத்தை உப்பிலும் மிளகாய்த்தூளிலும் தொட்டுக் கதிர் முழுக்கத் தேய்த்து, திரும்ப அந்தத் தோகையிலேயே சுற்றிக் கையில் வைப்பார். சூடு பட்டுக் கீழே போட்டுவிடக் கூடாது என்று வாங்குகிறவரின் கையையும் சேர்த்து ஒரு நொடி பிடித்துக்கொள்வார். அவருடைய வலது மணிக்கட்டில் பிறை மாதிரி வளைந்த தழும்பு ஒன்று இருந்தது. கொதிக்கிற குண்டானின் விளிம்பு சுட்டது. கதிர் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். "என்னக்கா இது?" என்று யாராவது கேட்டால், "சட்டி போட்ட முத்திரைங்க" என்பார். நான் அந்த வழியில் போனால் நிறுத்தாமல் போனதில்லை. என்னை அவர் பாப்பா என்பார். முப்பத்தைந்து வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சம்.

அவருக்குக் கதிர் கொடுக்கிற விவசாயியின் காட்டில் அந்த வருடம் படைப்புழு விழுந்தது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போயிருந்தது. மருந்து அடித்தும் அடங்கவில்லை என்று கேள்விப்பட்டு நான் பேட்டி எடுக்கப் போனேன். அவர் புழுவைப் பற்றி அதிகம் பேசவில்லை.

"புழு வரும், போவும். வெதயப் பாரும்மா. எங்கப்பா இருந்தப்ப கம்பு, வெள்ளச்சோளம் எல்லாம் நாங்களே எடுத்து வெச்சு வெதைப்போம். இப்ப வருசா வருசம் கம்பெனிப் பாக்கெட்டுதான். இதுல வெளஞ்சத எடுத்து வெதச்சா ஒண்ணு ஆளு உசரம் நிக்குது, ஒண்ணு முழங்கால் உசரம் நிக்குது. இத யாராச்சும் கேட்டீங்களா?"

நல்ல கேள்வி. அதை மட்டும் போட்டிருந்தால் இன்றைக்கு நான் இதை எழுத வேண்டியிருக்காது.

ஆபீஸில் அண்ணன் பேட்டியைப் பார்த்தார். "புழுவ யாரு பாக்கப் போறா? மரபணுன்னு தலைப்பு வையி, ஓடும்."

"இது மரபணுதானான்னு தெரியலியேண்ணே."

"கம்பெனி வெதன்னா மரபணுதான. பேரு வேற, சரக்கு ஒண்ணு."

என் திருப்திக்கு, வேளாண் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சாருக்குப் போன் போட்டுப் பதிவு செய்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். "அது மரபணு மாத்துனது இல்லம்மா. வீரிய ஒட்டு. ஒரு ரகத்தோட மகரந்தத்த இன்னொரு ரகத்துல சேத்து எடுக்குற வெத. மொத வருசம் ஒரே மாதிரி நிக்கும், அதுல எடுத்து வெதச்சா பிரிஞ்சு போயிரும். மரபணு மாத்துனதுன்னு நம்ம காட்டுல இருக்குறது பருத்தி ஒண்ணுதான். மக்காச்சோளத்துக்கு அனுமதியே கெடையாது. பருத்தியப் பத்திப் பேசணும்னா வாங்க, உக்காந்து பேசலாம். நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு."

நாற்பது விநாடிப் பேச்சு. அண்ணன் வெட்டச் சொல்வதற்கு முன்பே நானே வெட்டிவிட்டேன். நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு என்று ஒருவர் பேசினால் எங்கள் சேனலில் பார்ப்பவர்கள் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். இந்த வியாபார ஞானம் எனக்கு நன்றாகவே இருந்தது.

உண்மையைச் சொன்னால், மரபணு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பட்டாணிச் செடி படித்தேன். பரீட்சை எழுதிய கையோடு மறந்தேன். மறக்காமல் இருந்தது ஒரு படம். சிவந்த தக்காளி ஒன்று, அதில் குத்திய ஊசி, ஊசியைப் பிடித்த உறை போட்ட கை. நாளிதழ் இணைப்பில் பார்த்திருக்கிறேன். டிவி விவாதத்தில் பேசுகிறவர்களின் தலைக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். போனுக்கு வந்த ஆயிரம் எச்சரிக்கைகளில் பார்த்திருக்கிறேன். ஒரு விதைக்குள் நடக்கிற சமாச்சாரத்தைக் காட்டத் தெரியாத யாரோ ஒருவர் கண்டுபிடித்த குறுக்கு வழி அது. அப்படி ஊசி போட்டு எவரும் எதையும் மாற்றுவதில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, மரபணு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குள் ஓர் ஊசி ஏறும். எனக்குள் யாரோ போட்டதை நான் அடுத்தவர்களுக்குப் போடக் கிளம்பினேன்.

அந்த விவசாயியின் காட்டுக்குப் போனபோது அக்கா அங்கே கதிர் ஒடித்துக்கொண்டிருந்தார். ஊசியில் நீலத்தை உறிஞ்சி வைத்தபோதுதான், கை உறை வாங்க மறந்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போக வேண்டுமென்றால் பெரம்பலூர் வரை போக வேண்டும். வெயில் வேறு. எனக்கு ஒரு கை வேண்டும். என்னுடைய இரண்டு கையிலும் கேமரா.

"அக்கா, ஒரு கை குடுங்க."

அவர் மடியிலிருந்த கதிரைக் கீழே வைத்துவிட்டு வந்தார். ஊசியைப் பார்த்தார். "என்ன பாப்பா, சோளத்துக்குக் காச்சலா?"

"சும்மா படத்துக்குக்கா. கதிர்ல குத்தி அழுத்துங்க, போதும்."

"மொகம் வருமா?"

"வராதுக்கா. கை மட்டுந்தான்."

"கைதான. எடுத்துக்க."

மூன்று முறை எடுத்தேன். முதல் முறை வெளிச்சம் சரியில்லை. இரண்டாவது முறை அவர் சிரித்துக் கை ஆடிவிட்டது. மூன்றாவது முறை மஞ்சள் மணிகளுக்கு நடுவில் நீலம் கசிந்து இறங்கியது, நான் நினைத்ததைவிட அருமையாக. கேமராவில் பார்த்து எனக்கே உடம்பு சிலிர்த்தது. தழும்பு தெரிந்தது. அது தெரிந்தால் காட்சி இன்னும் உண்மையாக இருக்கும் என்று கூட நினைத்தேன்.

முடித்த பிறகு அக்கா அந்த நீலக் கதிரைத் தூக்கிப் போடவில்லை. "ஆடு கீடு தின்னுறப் போவுது" என்று சொல்லி, வரப்போரமாகக் களைக்கொத்தியால் ஒரு முழம் தோண்டிப் புதைத்து, மேலே மிதித்துவிட்டு வந்தார். பின்னால் எந்தக் கை இந்த ஜில்லாவின் பிள்ளைகளுக்கு விஷம் வைத்ததாகப் பேசப்பட்டதோ, அந்தக் கை ஓர் ஆட்டுக்காகக் குழி தோண்டியதை நான் நின்று பார்த்தேன். அதைப் படம் எடுக்கவில்லை.

"பெரம்பலூர் மாவட்டத்தில் ஊசி போட்டு வளர்க்கப்படும் மரபணுச் சோளமா?" என்று தலைப்பு வைத்தோம். அந்தக் கேள்விக்குறி எங்கள் சேனலின் குலதெய்வம். எந்தப் பொய்யைச் சொன்னாலும் பின்னால் நின்று காப்பாற்றும். பின்னணிக் குரல் கொடுக்கும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன், சாவு வீட்டில் பேசுகிற மாதிரி. விவசாயியின் விதைக் கேள்வி மூன்றாவது நிமிடத்தில் வந்தது. எங்கள் வீடியோவில் மூன்றாவது நிமிடம் வரை யாரும் இருப்பதில்லை.

அது ஓடியது. நாங்கள் போட்ட எதுவும் அந்த ஓட்டம் ஓடியதில்லை. அண்ணன் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

பிறகு ஊசி குத்துகிற எட்டு விநாடியை மட்டும் யாரோ வெட்டி எடுத்தார்கள். என் குரல் போய்விட்டது. வேறு குரல்கள் ஏறிக்கொண்டன. ஒருவர் இதைத் தின்றால் பிள்ளை பிறக்காது என்றார். இன்னொருவர் பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடும் என்றார். மரபணு என்ற சொல்லே போய்விட்டது. "ஊசிச் சோளம்" என்ற பெயர் மட்டும் நின்றது. லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர், துபாயிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் ஏர்போர்ட் காரை அக்காவிடம் நிறுத்திப் பிள்ளைகளுக்குக் கதிர் வாங்கிப்போகிறவர், துபாயிலிருந்தே குடும்பத்துக்குக் குரல்பதிவாகப் பேசி அனுப்பியதை அக்காவின் போனுக்கு யாரோ தள்ளிவிட்டிருந்தார்கள். "அந்த ரோட்டோரத்துக் கதிர இனிமே யாரும் வாங்கக் கூடாது. அந்தப் பொம்பள கையேதான், நான் பாத்தேன், வல்லாஹி, அல்லா மேல சத்தியம்" என்றது அந்தக் குரல்.

அக்கா அதை என்னிடம் போட்டுக் காட்டினார். நான் கதிர் தின்னப் போன நாள் அது. குண்டான் நிறைய இருந்தது; சாக்கு விலக்கப்படவே இல்லை.

"அது என் கைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு பாப்பா."

"எப்புடிக்கா? மொகமே வரலியே."

"என் மொகத்த யாரு பாத்தா? கையிலதான வாங்கித் திங்குறாங்க."

குனிந்து அந்தத் தழும்பைப் பார்த்தேன். 

அவருக்குக் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி, சண்டை போட்டு, எங்கள் இருவரில் யார்மேல் தப்பு என்ற குழப்பத்திலாவது தப்பித்திருப்பேன். அவர் வெறுமனே கேட்டார். "ஊசி நீ குடுத்தது, சும்மா படத்துக்குப் போட்டதுன்னு உன் டிவியில ஒரு வார்த்த சொல்லிடு. நீ சொன்னா நம்புவாங்க."

"நாளைக்கே சொல்றேன்க்கா" என்றேன். அந்த நேரத்தில் மனசாரத்தான் சொன்னேன்.

நாளை வந்தது, அண்ணனிடம் கேட்டேன். "நாம போட்டது பொய்யின்னு நாமளே சொல்றதா? சேனல இழுத்துப் பூட்டிட்டுப் போயிரலாம்" என்றார். கொஞ்சம் ஆறட்டும் என்றார். நானும் ஆறட்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆறட்டும் என்பது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வாரம் முழுக்க அக்கா இருக்கும் திருப்பத்தைத் தவிர்த்து வேறு பக்கம் செய்திக்குப் போனேன்.

அடுத்த வாரம் அண்ணனே என்னை அங்கே அனுப்பினார். யாரோ புகார் கொடுத்து, உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று தகவல். எங்கள் தொழிலில் "செய்தி எதிரொலி" என்று ஒரு பழக்கம் உண்டு. நாம் போட்ட செய்தியால் அரசு அசைந்தது என்று நாமே நம் முதுகில் தட்டிக்கொள்வது. "நம்ம செய்தி எதிரொலி, மிஸ் பண்ணிராத" என்றார் அண்ணன்.

நான் போய்ச் சேர்ந்தபோதே அதிகாரியின் ஜீப் நின்றிருந்தது. இருபது பேர் கூடியிருந்தார்கள். பலர் கையில் போன். அதிகாரி நல்ல மாதிரியான மனிதர்தான், அவர் கடமையை அவர் செய்தார். குண்டானைத் திறந்து பார்த்தார். கூடையைக் கவிழ்க்கச் சொன்னார். எலுமிச்சம்பழம், உப்புப் பொட்டலம், மிளகாய்த்தூள் டப்பா, சேலைத் துண்டு, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் மண்ணில் உருண்டன. கதிர் நான்கை எடுத்துப் பையில் போட்டு ஒட்டினார். நான் போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஊசி தேடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. அந்த ஊசி அப்போதும் என் கைப்பையில், பக்கவாட்டு ஜிப்புக்குள், என் இடுப்பில் இடித்துக்கொண்டிருந்தது.

"அந்த வீடியோவுல இருக்குறது உங்க கைதானம்மா?"

"ஆமாங்க சார்."

"யாரு போடச் சொன்னது?"

அக்கா கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தைதான். நான்தாங்க சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த இருபது போனும் என் பக்கம் திரும்பியிருக்கும். அன்றைக்குச் சாயங்காலம் மொத்த ஜில்லாவுக்கும் தெரிந்திருக்கும். அதைவிடப் பொருத்தமான இடம், பொருத்தமான நேரம் எனக்கு இனி ஆயுளில் வாய்க்காது. நான் போன் திரைக்குள் கண்ணை வைத்துக்கொண்டேன். திரையில் அக்காவின் முகம் சின்னதாக இருந்தது. அதைப் பெரிதாக்கினேன், விரல் அதன் பாட்டுக்கு அதன் வேலையைச் செய்தது.

"யாரோ வெளியூருக்காரங்க கேட்டாங்க சார். வெளையாட்டுக்குப் போட்டேன்" என்றார் அக்கா.

கூட்டத்தில் ஒருவர், "வெளையாட்டுக்கு யாராச்சும் தீனியில ஊசி போடுவாங்களா?" என்றார். நியாயமான கேள்வி.  பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று இரண்டுக்கும் நடுவில் நான்கு அடி தூரம்தான் இருந்தது.

அன்றைய வீடியோவையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். "நமது செய்தி எதிரொலி: அதிகாரிகள் அதிரடி ஆய்வு." கதிரில் ஒன்றும் இல்லை என்று பிற்பாடு முடிவு வந்தது. அதை யாரும் செய்தியாகப் போடவில்லை. ஒன்றும் இல்லை என்பது செய்தி ஆகாது. எங்கள் சேனலிலும் போடவில்லை.

ஒரு மாதம் போல எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை. சோறு இறங்கியது, தூக்கமும் வந்தது. ஆனால் எங்கே போனாலும் வாங்குகிறவர்களின் கையையும் கொடுக்கிறவர்களின் கையையும் பார்க்கிற வியாதி ஒன்று வந்தது. பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தால் அவர் மணிக்கட்டைப் பார்ப்பேன். கடைசியில் ஒரு நாள் அண்ணனிடம் சண்டை போட்டு, விளக்கம் போடாவிட்டால் வேலையை விடுவேன் என்றேன். அவர் சலித்துக்கொண்டு, "சரி, ஒரு நிமிசம் போடு" என்றார்.

ஒரு நிமிடம் கிடைத்தது. அதில் மக்காச்சோளத்தில் மரபணு மாற்றிய ரகம் நம் நாட்டில் பயிரிடப்படுவதில்லை என்று சொன்னேன். வீரிய ஒட்டு என்றால் என்ன என்று சொன்னேன். அந்த ஓய்வு பெற்ற சாரின் நாற்பது விநாடியில் பதினைந்தைச் சேர்த்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஊசிக் காட்சிக்கு வந்ததும், "அது விளக்கத்துக்காகச் சித்தரிக்கப்பட்ட காட்சி" என்று படித்தேன். யார் சித்தரித்தது? ஊசி யார் பணம் கொடுத்து வாங்கியது? யார் அதில் நீலம் ஏற்றியது? எதையும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, பரிமாறியாயிற்று என்று நிம்மதியாக மைக்கை அணைத்தேன்.

எடிட்டிங் பார்க்கிற பெண், வீடியோவுக்கு முகப்புப் படமாக அந்த ஊசிக் காட்சியையே வைத்து, மணிக்கட்டைச் சுற்றி அங்கேயும் வீடியோவுக்குள்ளும் சிவப்பு வட்டம் போட்டு, "உண்மை என்ன?" என்று எழுதியிருந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். எதைச் செய்தால் ஆட்கள் தொடுவார்கள் என்று நான் கற்றுக்கொடுத்ததைத்தான் அவள் செய்தாள். நான் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றேன்.

அன்று சாயங்காலம் அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். பஸ்ஸில் பாட்டு காதைப் பிளந்தது. என் பக்கத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா போன் பார்த்துக்கொண்டிருந்தார். என் விளக்க வீடியோ அவர் திரையில் வந்தது.  சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார், கூட்டி வைத்திருந்தாலும் அந்தப் பாட்டில் எதுவும் கேட்டிருக்காது. என் வாய் அசைந்தது. நடுவில் அந்தக் கை வந்தது, நீலம் இறங்கியது, சிவப்பு வட்டம் சுழன்றது. அவர் முன்சீட்டுக்காரியின் தோளைத் தட்டி, "இங்க பாரு, திரும்பப் போட்டுட்டாங்க. இந்தக் கைதான்" என்று நீட்டினார்.

"அது இல்லைங்க, அதுல பொய்யின்னு சொல்றாங்க" என்றேன் நான்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ணால பாக்குறமே" என்றார். திரையில் பேசுவது நான்தான் என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அவர் கவனித்தது கையைத்தான். பஸ் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது. இறங்கும் வரை அந்தப் பிள்ளை வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தது.

சில மாதங்களில் வேலையை விட்டேன். இப்போது அரியலூரில் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற கடை ஒன்றில் இருக்கிறேன். நான் வேலையை விட்டதால் அக்காவுக்கு ஒரு கதிர்கூடக் கூடுதலாக விற்றிருக்காது. சேனல் இன்றும் நடக்கிறது. அந்த எட்டு விநாடியும் ஓய்ந்தபாடில்லை. ஒவ்வொரு வருடமும் கதிர் பால் பிடிக்கிற பருவத்தில் யாராவது ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி அனுப்புவார். இதற்கு நடுவில், அதே ரோட்டின் இரண்டு பக்கமும் அந்த மரபணு மாற்றிய பருத்தி வெடித்து வெள்ளையாக நிற்கும். அதைப் பற்றி, அந்த விவசாயி கேட்ட விதையைப் பற்றி, எவரும் எதுவும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாவற்றையும் அந்த ஊசி குத்திச் சாகடித்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்றும் தெரியும்.

போன தை மாதம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். அக்கா அங்கேதான் இருந்தார். குண்டான் சிறியதாகியிருந்தது. பக்கத்தில் அவித்த கடலைக் கூடை. சேலைக்கு மேல் அவருடைய வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, மணிக்கட்டு வரை பொத்தான் மாட்டியிருந்தார். வெயிலுக்குக் காட்டு வேலையில் பெண்கள் அப்படிப் போடுவது உண்டு. கொதிக்கிற குண்டானுக்குப் பக்கத்தில் யாரும் போடமாட்டார்கள். முதுகு முழுக்க நனைந்திருந்தது. முன்னால் புதிதாக ஒரு பலகை. கதிரைத் தோகையில் சுற்றிப் பலகைமேல் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார், வாங்குகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது வெளியூர்க் கார் ஒன்று நின்றிருந்தது. அப்பா, அம்மா, ஒரு பெண் குழந்தை. ஆளுக்கொரு கதிரைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அக்காவின் முகம் மலர்ந்தது, அதைக் கண்டு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "வா பாப்பா" என்றார். "எங்க போன, ஆளையே காணும்?"

"அக்கா, அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும். நீங்க ஏன் என்னைக் காட்டிக் குடுக்கல?"

"உன் வேல போயிருமேன்னுதான். எனக்கென்ன, சட்டிய வேற எடத்துல வெச்சுக்குவேன். நீ படிச்ச புள்ள, எங்க போவ?"

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. இப்போதாவது, நாலு பேர் முன்னால், ஒரு முறையாவது சொல்லிவிட வேண்டும் என்று வெறி வந்தது. காருக்குப் பக்கத்தில் நின்றவர்களிடம் திரும்பினேன். "சார், ஒரு நிமிசம். அந்த வீடியோவுல இந்தக்காவ ஊசி போடச் சொன்னது நான்தாங்க. இவங்க மேல ஒரு தப்பும் கெடையாது" என்றேன். சத்தமாகவே சொன்னேன். நெஞ்சுப் பாரம் இறங்கியது.

அந்த அப்பா என்னைப் பார்த்தார். "எந்த ஊசிங்க?" என்றார்.

அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் விளக்கத் தொடங்கினேன். சோளம், வீடியோ, சொட்டு நீலம், சும்மா படத்துக்கு. நான் விளக்க விளக்க அந்த அம்மா மெல்லுவதை நிறுத்தினார். குழந்தையின் கையிலிருந்த கதிரை மெதுவாக வாங்கினார். "சரிங்க, சரிங்க, நாங்க ஒண்ணும் நெனைக்கல" என்று அந்த அப்பா மரியாதையாகச் சொன்னார். மூன்று கதிரையும் பலகையில் வைத்தார்கள். மூன்றும் பாதி கடித்தது. கார் கிளம்பிப் போனது. குழந்தை பின்கண்ணாடி வழியாகக் கதிரைப் பார்த்துக்கொண்டே போனது.

அக்கா ஈரச்சாக்கை எடுத்துக் குண்டானை மூடினார்.

"தெரியாதவங்கதான் பாப்பா எனக்கு இப்ப ஏவாரம்" என்றார். "அவங்ககிட்டயும் சொல்லிட்டியே."

அழுதேன். அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், சாக்கை விலக்கிக் கதிர் ஒன்றை எடுத்தார். உரித்தார், எலுமிச்சை தேய்த்தார், தோகையில் சுற்றினார். பழைய பழக்கத்தில் நான் கையை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். கதிரைப் பலகைமேல் வைத்துவிட்டு, கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு, "எடுத்துக்க" என்றார்.